மாப்பிள்ளை பெஞ்சும் மண்ணெண்ணெய் வாசனையும்

1

என் எட்டு வயது மகள் தினமும் வகுப்பில் உட்கார்ந்து புகை பிடிக்கிறாள் என்று ஓர் ஆங்கிலேயத் தலைமையாசிரியையின் முகத்துக்கு நேராக நான் சொல்லி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. சொல்ல நினைத்தது அது இல்லை, ஆனால் வாயில் வந்தது அதுதான். அந்த ஒரு தப்பான வாக்கியத்தால்தான் என் மகள் ஜெயா இன்றைக்கும் எங்கள் தெருமுனையில் இருக்கும் அதே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வருகிறாள். ஆகையால் இதைக் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேதான் எழுதப்போகிறேன். ஊரில் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் போடிக்காரி. அப்பாவுக்குப் போடி பஜாரில் ஜவுளிக்கடை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். டீச்சர் டிரெயினிங் முடித்து, குச்சனூர் போகிற வழியில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பிறகு கல்யாணமாகி, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தொழில் நகரத்துக்கு வந்து பத்து வருடம் ஓடிவிட்டது. கணவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் கொண்டுவந்த டிரெயினிங் சர்ட்டிபிகேட்டை இங்கே ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஜெயாவின் பள்ளியிலேயே மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடிக்கிறேன். மசித்த உருளைக்கிழங்கு ஒரு கரண்டி, வேகவைத்த பட்டாணி ஒரு கரண்டி.

கணவர் பெயர் செல்லத்துரை. அதை முழுசாகச் சொல்ல வராமல் என்னை எல்லோரும் மிஸஸ் துரை என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மலைத்தோட்டத்து வெள்ளைக்காரனைத்தான் துரை என்போம். இங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்று, "மிஸஸ் துரை, பட்டாணி வேண்டாம்" என்று கெஞ்சும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

2

போன வருடம் குளிர் ஏறத் தொடங்கிய சமயம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜெயா பக்கத்துப் பிள்ளைகளைத் தள்ளுகிறாளாம். நோட்டைக் கிழிக்கிறாளாம். திடீரென்று அழுகிறாள், மேசையில் தலை வைத்துத் தூங்குகிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை. நகரத்தின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு தனிப் பள்ளி இருக்கிறதாம். அங்கே மாற்றப் பெற்றோர் சம்மதம் வேண்டும். கூடவே நாலு பக்கப் படிவம். காரணம் என்ற இடத்தில் ஏற்கெனவே டைப் அடித்திருந்தார்கள்: நடத்தை.

என் பிள்ளை அப்படிப்பட்டவள் இல்லை என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். நானும் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் பயம்தான். ஏனென்றால் அந்தச் சமயம் ஜெயா எனக்கே பிடிபடாமல் போய்க்கொண்டிருந்தாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். வற்புறுத்தினால், "அம்மா சொல்லிச்சு, அம்மா போச்சு" என்று ஏதோ பாத்திரம் பண்டத்தைப் பற்றிச் சொல்வதுபோல் இரண்டு வார்த்தை வரும். துணியின் நிறம் பார்க்க நான், "புட் தி லைட்" என்றால் கடை நடுவில் நின்று, "டர்ன் ஆன் தி லைட், மம்" என்று திருத்துவாள். சாப்பாட்டுக் கூடத்தில் என் கரண்டிக்கு முன்னால் இருக்கும் வரிசையை விட்டு அடுத்த வரிசையில் போய் நிற்பாள். அது எனக்கு வலித்தது. கடிதத்தைவிட அதிகமாகவே வலித்தது.

கணவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிச்சவுக சொல்றாக. நம்ம என்னத்தக் கண்டோம்? கையெழுத்துப் போட்டுருவோமா?"

எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு உரியவர்களைச் சொன்னாக, வந்தாக என்றுதான் சொல்வோம். ஒன்பது வருடத்தில் அவருக்குத் தொப்பி, கோட்டு, தேநீர் எல்லாம் மாறியிருக்கிறது. அந்த 'ஆக' மட்டும் அப்படியே இருக்கிறது.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். ஜெயா கழற்றி எறிந்திருந்த கோட்டை எடுத்து ஆணியில் மாட்டப் போனேன். கம்பளியிலிருந்து ஒரு வாசனை வந்தது. மண்ணெண்ணெய். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெயே கிடையாது, கேஸ் அடுப்புதான். கோட்டை முகத்தோடு சேர்த்து வைத்து மறுபடியும் மோந்தேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை அப்படியே எதிரில் வந்து நின்றது.

3

அந்தக் கிராமத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு என்னுடையது. கடைசி பெஞ்சுக்கு மாப்பிள்ளை பெஞ்சு என்று பெயர், எல்லா ஊரிலும் போலத்தான். வம்பு பண்ணுகிற பிள்ளை அங்கே போகும். ஆணானாலும் பெண்ணானாலும் மாப்பிள்ளைதான். பேச்சியம்மா என்ற ஒன்பது வயதுப் பெண் அங்கே நிரந்தர மாப்பிள்ளை. பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுவாள். பாதிப் பாடத்தில் தூங்கிவிடுவாள். எழுப்பினால் சிலேட்டை எறிவாள். ஒருநாள் பெஞ்சிலேயே வாந்தி எடுத்தாள்.

தலைமையாசிரியர் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார். டி.சி. கைக்கு வந்தால் மறுவாரமே அவளை மலைக்கு, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க அனுப்ப வீட்டில் தயாராக இருந்தார்கள். எனக்கு அந்தப் பிள்ளையை விட மனசில்லை. நல்ல நாளில் அவள் வாய்ப்பாடு சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"நல்ல நாள் எது, கெட்ட நாள் எதுன்னு பாத்தீகளா டீச்சர்?" என்று தலைமையாசிரியரே ஒருநாள் கேட்டார். "செவ்வாயும் சனியும்தான் இதுக ஆட்டம் சாஸ்தி. சனீஸ்வரன் பக்கத்துலயே இருக்காரு. குச்சனூருல எள்ளு வெளக்குப் போடச் சொல்லி அவ ஆத்தாட்ட சொல்லுங்க."

எனக்குச் சனீஸ்வரனோடு பழக்கமில்லை. ஆனாலும் ஒரு நோட்டை எடுத்து, யார் யார் எந்தக் கிழமை என்ன செய்தார்கள் என்று ஒரு மாதம் எழுதினேன். அப்போது சனிக்கிழமையும் அரைநாள் பள்ளி உண்டு. எழுதிப் பார்த்தால் தலைமையாசிரியர் சொன்னது அச்சு அசல் உண்மை. செவ்வாயும் சனியும்தான். ஆனால் அவர் கவனிக்காத ஒன்றும் நோட்டில் இருந்தது. ஆட்டம் போட்டது பேச்சியம்மா மட்டும் இல்லை, மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்த எல்லோரும். முன் பெஞ்சின் கால் உடைந்ததால் ஒரு வாரம் பின்னால் போன வகுப்புத் தலைவிகூட, அந்த வாரச் செவ்வாயில் ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்திருந்தாள். வம்புக்காரர்களை நாம் அந்த பெஞ்சுக்கு அனுப்புகிறோமா, இல்லை அந்த பெஞ்சுதான் வம்புக்காரர்களை உண்டாக்குகிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளை முன்னால் நெருக்கி உட்காரவைத்துவிட்டு, நானே போய் மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தேன். அதை ஒட்டி ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கிணறு. பள்ளிக்கு இடம் கொடுத்த கண்ணுச்சாமி அய்யாவுக்கும் அவருடைய பங்காளிகளுக்கும் பொதுக் கிணறு அது. முறை வைத்து இறைப்பார்கள். பங்காளிகள் கமலை கட்டி மாட்டை வைத்து இறைப்பார்கள். கண்ணுச்சாமி அய்யா மட்டும் மண்ணெண்ணெயில் ஓடுகிற என்ஜின் வாங்கியிருந்தார். அவருடைய முறை வாரத்துக்கு இரண்டு நாள்: செவ்வாய், சனி. என்ஜினின் புகைக்குழாய் எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. மாடு புகை விடாது. அதனால்தான் மற்ற நாள் எல்லாம் நல்ல நாள்.

முக்கால் மணி நேரம் இருந்திருப்பேன். தலை கனத்தது. முன்னால் பிள்ளைகள் படிக்கிற சத்தமே எரிச்சலாக இருந்தது. அப்போது பார்த்துத் தலைமையாசிரியர் எட்டிப்பார்த்தார்.

"என்ன டீச்சர், அங்கன போயி உக்காந்துட்டீக?"

"உங்க சோலியப் பாத்துக்கிட்டுப் போங்க!" என்று கத்தி, கையிலிருந்த டஸ்டரை எறிந்துவிட்டேன். அதுவரை அவர் முன்னால் நான் நிமிர்ந்து பேசியதுகூட இல்லை. மனுஷன் சுண்ணாம்புத் தூளோடு வாயைப் பிளந்து நின்றார். நான் வெளியே ஓடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அரை மணியில் தலை தெளிந்தது. முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கண்டுபிடித்துவிட்டேன்!

கண்ணுச்சாமி அய்யாவிடம் போய்ச் சொன்னால் அவர் நம்பவில்லை.

"ஏத்தா டீச்சரு, எஞ்சினு ஓடுனா புள்ள ஏன் கிள்ளுது? நல்லாருக்கே கத!"

"அய்யா, வார செவ்வாக்கெழம ஒரு மணி நேரம் அந்த பெஞ்சுல உக்காந்து பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தாடையில் இடிக்க, மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு நெற்றியைத் தடவினார். மணியடிக்க இன்னும் நேரம் இருக்கும்போதே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கத்தினார்: "ஏலே! நிறுத்துலே அந்தச் சனியன!"

அந்த வாரமே கொத்தனாரும் மெக்கானிக்கும் வந்தார்கள். குழாயை வளைத்து, கூரைக்கு மேலே உயர்த்தி, தோப்புப் பக்கம் திருப்பினார்கள். பேச்சியம்மாவின் டி.சி. எழுதப்படவே இல்லை. அவள் கிள்ளுவதை அடியோடு விட்டுவிட்டாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு காரணத்தோடுதான் கிள்ளினாள்.

4

மண்ணெண்ணெய் வாசனை அடித்த கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவும் நினைத்தேன். பிறகு ஜெயாவின் பழைய நோட்டில் இருந்த வெற்றுத் தாள்களைக் கிழித்து, ஒரு நோட்டாகத் தைத்தேன்.

ஜெயாவின் வகுப்பு முக்கியக் கட்டடத்தில் இல்லை. பிள்ளைகள் கூடிப்போனதால் மைதானத்தில் மரத்தால் ஒரு கூடம் போட்டிருந்தார்கள். என் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். உள்ளே ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு, கூரை வழியாக அதன் புகைக்குழாய். பள்ளி திறந்த முதல் வாரமே அந்த வகுப்பு டீச்சர் என்னிடம் வந்து, "வெப்ப நாட்டுப் பிள்ளை, பாவம், குளிர் தாங்காது. ஜெயாவைக் கணப்புக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்திருக்கிறேன்" என்றாள். நானும் நன்றி சொன்னேன். ஜெயா பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில். அவள் எங்கள் ஊர் வெயிலைக் கண்டதே இல்லை. அந்த அன்பான நாற்காலிதான் இங்கிலாந்தின் மாப்பிள்ளை பெஞ்சு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மூன்று வாரம் எழுதினேன். புதன்கிழமை பிள்ளைகளை நாள் முழுக்க வெளியே நீச்சலுக்கும் விளையாட்டுக்கும் கூட்டிப்போவார்கள். புதன் நல்ல நாள். நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்துக் கணப்பு மூட்டவில்லை. அவையும் நல்ல நாள். விடுமுறையில் வீட்டில் தங்கம். மற்ற நாட்களில் தலைவலி, அழுகை, புகார். பள்ளி விட்டு அவளைப் பூங்காவைச் சுற்றி நடத்திக் கூட்டிவந்தால் வீட்டு வாசலை மிதிக்கும்போது பழைய ஜெயா.

படிவத்துக்குக் கெடு நெருங்கியது. தலைமையாசிரியையைப் பார்க்க நேரம் கேட்டேன். கணவர் வாசல் வரை வந்தார்.

"தைரியமாப் பேசு. டஸ்டர மட்டும் எடுத்துராத" என்றார்.

5

சொல்லவேண்டியதைத் தமிழில் யோசித்து, இங்கிலீஷில் ஆக்கி, வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். தமிழில் அது சரியாகத்தான் இருந்தது: என் பிள்ளை உங்கள் வகுப்பில் தினமும் புகையைக் குடிக்கிறாள். அதை இங்கிலீஷில் சொல்லப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

தலைமையாசிரியை மிஸஸ் ஹார்ட்லி நல்ல மாதிரி. படிவத்தை என் பக்கம் நகர்த்தி, பேனாவின் மூடியைக் கழற்றித் தந்தாள். நான் பேனாவைத் தொடாமல் எழுந்து நின்று சொன்னேன்: "மேடம், மை டாட்டர் இஸ் ஸ்மோக்கிங் இன் யுவர் கிளாஸ். எவ்ரி டே. எக்செப்ட் வெட்னஸ்டே."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். சிகரெட் எங்கிருந்து கிடைக்கிறது என்று மெல்லக் கேட்டாள். சிகரெட் என்ற சொல் என் காதில் விழவே இல்லை. எங்கிருந்து என்பது மட்டும் விழுந்தது.

"நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. நான் விடவில்லை. "டீச்சரும் புகை பிடிக்கிறார். பக்கத்தில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் பிடிக்கிறார்கள். ஜெயாதான் ரொம்ப" என்றேன்.

உடனே ஜெயாவைக் கூட்டிவர ஆள் போயிற்று. அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். என்ன நடந்தது என்று மிஸஸ் ஹார்ட்லி சொன்னாள். எனக்கு அப்போதுதான் என் தப்பு உறைத்தது. உடம்பு கூசிப்போனது. கடை நடுவிலேயே திருத்துகிற பிள்ளை, இங்கே என்னைப் பார்த்து வெட்கப்பட்டுத் தலையைக் குனியப் போகிறாள் என்று நினைத்தேன்.

ஜெயா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். என் கையிலிருந்த தைத்த நோட்டைப் பார்த்தாள். பிறகு தலைமையாசிரியையிடம் இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னாள்:

"அம்மா சிகரெட்டைச் சொல்லவில்லை. எங்கள் மொழியில் புகையைக் குடிப்போம். கணப்பின் புகை எனக்குள் போகிறது என்கிறார். அது உண்மைதான். அங்கே இருந்தால் எனக்குத் தலை சுற்றும்."

எங்கள் மொழி! அந்த இரண்டு சொல்லை அவள் வாயால் நான் அதற்கு முன் கேட்டதில்லை. கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு நோட்டை விரித்து வைத்தேன். கிழமை, குளிர், கணப்பு, ஜெயா என்று நாலு பத்தி.

கணப்பை அதிகாரிகள் வருடாவருடம் சோதிக்கிறார்கள் என்றாள் மிஸஸ் ஹார்ட்லி. எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்றுதான். "மேடம், ப்ளீஸ், ஜெயாவின் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அப்புறம் நான் கையெழுத்துப் போடுகிறேன்."

பிள்ளைகள் பாட்டு வகுப்புக்காகப் பெரிய ஹாலுக்குப் போயிருந்தார்கள். கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மிஸஸ் ஹார்ட்லி ஒரு கட்டுக் காகிதத்தோடு அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் தாடையில் இடித்தது. நான் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தபடி வெளியே நின்றேன். கண்ணுச்சாமி அய்யாவைப் போலவே முதலில் நெற்றியைத் தடவினாள். அரை மணிகூட ஆகவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, பள்ளிக் காவலாளியை அழைத்து ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கே தோற்றது. 'சனியன்' என்ற சொல் மட்டும்தான் பாக்கி.

காவலாளி ஏணி வைத்துக் கூரை மேல் ஏறினார். புகைக்குழாய்க்குள் கையை விட்டுச் சுள்ளியும் புல்லுமாக ஒரு கூடை இழுத்துப் போட்டார். ஏதோ பறவை கோடையில் கட்டிய கூடு. புகை போக வழியில்லாமல் உள்ளேயே திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. வகுப்பு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்கும் பல வாரமாகத் தலைவலியாம். அதற்குக் காரணம் ஜெயா என்று நினைத்திருந்தாளாம்.

படிவத்தை மிஸஸ் ஹார்ட்லியே நாலாகக் கிழித்தாள். கூடத்தைப் பூட்டினார்கள். மூன்று வாரம் பிள்ளைகள் ஹாலில் படித்தார்கள். நகரத்தின் மற்றப் பள்ளிகளில் இருந்த மரக் கூடங்களையும் பார்க்கச் சொல்லி உத்தரவு போயிற்று. இன்னும் இரண்டு இடத்தில் குழாய் அடைத்திருந்ததாம். ஜெயா அந்த வருடக் கடைசியில் கொண்டுவந்த ரிப்போர்ட்டில், நடத்தை என்ற இடத்தில் எழுதியிருந்ததை அவளுடைய அப்பா பர்ஸில் மடித்து வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார்.

6

இன்று காலை, இந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாகக் கணப்பு மூட்டினார்கள். எஞ்சினியர் போன வாரமே சோதித்துச் சீட்டுக் கொடுத்துவிட்டார். ஆனாலும் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மிஸஸ் ஹார்ட்லி சமையல்கட்டுக்கு வந்து நின்றாள்.

"மிஸஸ் துரை, உங்கள் மூக்கு எங்களுக்கு வேண்டும்."

ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். அந்தப் பழைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். டீச்சர் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். காவலாளி வாசலில், ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். தலை தெளிவாக இருந்தது. யார் மீதும் கோபம் வரவில்லை. "பாஸ்" என்றேன். மூன்று பேரும் கைதட்டிக்கொண்டோம்.

மதியம் ஜெயா என் வரிசையில் வந்து தட்டை நீட்டினாள். ஒரு வருடமாக இந்த வரிசைதான். பட்டாணி அவளுக்குப் பிடிக்காது. இருந்தும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்ததும் ஓடிப்போய்த் தமிழிலேயே சொன்னாள்:

"அப்பா, அப்பா! இன்னைக்கு அம்மா ஸ்கூல்ல மோப்பம் பிடிச்சாக!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மோப்பம் பிடிப்பது நாய், அம்மா மோந்து பார்ப்பாள் என்று திருத்தச் சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அந்தப் புகை நாளுக்குப் பிறகு ஜெயா என் இங்கிலீஷை ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. நானும் திருத்தவில்லை. அம்மா சொல்லிச்சு, அம்மா போச்சு என்று இருந்த பிள்ளை இன்று 'பிடிச்சாக' என்றாள்.